பெருக்கித் தள்ளிய இலையுதிர்காலம்

அன்புள்ள ஹில்டா,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இருமல் மட்டும்தான். விடுதிக்காரி அதைக் கேட்டுத்தான் காலையில் அடுப்பு மூட்டுகிறாள்.

நேற்று பத்திரிகைக்காக மிஸ் பெல்லமியின் தோட்டத்தை இலையுதிர்காலக் கோலத்தில் படமெடுக்கப் போனேன். தோட்டம் விலைபோய்விட்டது, வசந்தத்தில் அழித்துச் சமன்செய்து வீடு கட்டப்போகிறார்கள். அந்த அம்மாளுக்கு மிஞ்சப்போவது என் படம்தான். போய்ப் பார்த்தால் தரையில் ஒரு சருகில்லை. டாலியாப் பூச்செடிகளையும் அடியோடு வெட்டியிருந்தார்.

"படமெடுக்க ஆள் வர்றப்ப குப்பையாவா போட்டு வைப்பாங்க? பெருக்கிப் பெருக்கி இடுப்பே போச்சு."

குப்பைமேட்டிலிருந்து சருகை வண்டியில் அள்ளி வந்து, தொப்பை குலுங்கப் பரப்பினேன். கேமராவை நிறுத்துவதற்குள் மழை. படத்தில் விழுந்தது சேறும் என் கால்தடமும்.

"புத்தகத்துல எப்ப வரும்?"

"இலையுதிர்காலப் படத்தை அடுத்த வருஷ இலையுதிர்காலத்துலதான் போடுவாங்கம்மா."

"அதுக்குள்ள என்னையே பெருக்கித் தள்ளியிருப்பாங்க. வாங்க தம்பி, டீ ஆறுது."

என் கம்பளிக் காலுறையை அனுப்பு. தபால்காரர் வாசலில் நிற்கிறார். நம் ஆப்பிள் மரத்தடியைப் பெருக்காதே, நான் வரும்வரை அப்படியே கிடக்கட்டும். இந்நேரம் பெருக்கியிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

உன் நைஜல்