வியாழக்கிழமை நாகம்மாள்

கரையான்சாவடி,
சனிக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் என் அன்புக் கணவருக்கு,

எழிலரசி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பீர்கள். எழுதிக்கொள், என் எதிரில் மட்டும் சொல்லாதே என்பது உங்கள் அம்மாவின் உத்தரவு. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உங்கள் நண்பர் முகமது ஆசிக்கிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கவுன்சிலிங் மையத்தில் நாங்கள் நாலு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரிடம் வருகிறவரைப் பற்றி மற்றவர் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எங்கே பார்த்தாலும், அவராகப் பேசாத வரையில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்தச் சட்டத்தை வீட்டில் பெருமையாக அளந்தவள் நானேதான்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அறையை விட்டு வெளியே வந்தால், காத்திருக்கும் நாற்காலியில் அத்தை! பட்டுப் புடவை, மடியில் கைப்பை. என்னை யாரோ போலப் பார்த்தார். ரிசப்ஷனில் இருக்கும் திவ்யா, “நாகம்மாள், உள்ளே போங்க” என்றாள். இல்லாத பேரைக் கொடுத்து, புதிதாகச் சேர்ந்த ஜெபாவிடம் நேரம் வாங்கியிருக்கிறார். நானும் யாரோ போலத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இருவருமே மூச்சு விடவில்லை. ரசம் வைத்தோம், சீரியல் பார்த்தோம். ஜெபாவின் அறையில் என் மானம்தான் கப்பலேறுகிறது என்று எனக்கு உறுதி. பயத்தில் திருந்தினேன். அவருக்கு முன்னே எழுந்து காபி போட்டேன். நாற்றமே ஆகாத நான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காலுக்குத் தைலம்கூடத் தேய்த்தேன்.

மூன்று வாரம் போயிற்று. போன வாரம் தைலம் தேய்க்கும்போது அத்தை ஓவென்று அழுதுவிட்டார். “நெஜத்த சொல்லுடி. டாக்டரு உன்கிட்ட தனியா இன்னா சொன்னாரு? எனக்கு எத்தினி மாசம் கெடு? இல்லாங்காட்டி நீ இன்னாத்துக்கு என்னை இந்தத் தாங்கு தாங்குறே?” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பயந்துபோய்ச் செய்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவரும் சொன்னார்: “நீ ஊர் கதையெல்லாம் கேட்டுட்டு வந்து, ஊட்ல அரை மணி நேரம் பேசாதீங்கன்றே. அவன் மாத்திர போட்டியான்னு கேட்டுட்டு வச்சிடறான். நான் யாருகிட்டதான் பேசறது?”

ஊராருக்கெல்லாம் காது கொடுக்கிறவள் நான். வெட்கமாக இருந்தது. இப்போது வந்ததும் டீயைப் போட்டு, முதல் அரை மணி நேரத்தை அத்தைக்கே கொடுத்துவிடுகிறேன். ஜெபாவிடம் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டாராம். உள்ளே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

ஸ்பீக்கரில் போடாமல் அவரோடு தனியாகப் பேசுங்கள். மாத்திரையைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் முடித்த பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அத்தைக்காவது ஜெபா கிடைத்தார். அங்கே மற்ற மூன்று பேரும் என்னோடு வேலை செய்கிறவர்கள், என்னால் யாரிடமும் நேரம் வாங்க முடியாது. லீவு கிடைத்தால் வாருங்கள்.

உங்கள் நலனையே வேண்டும்,
எழிலரசி