மீனம்பாக்கத்தைத் தாண்டிப் போன வண்டி

என் அன்பு லாத்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரியை எழுதக் கை தானாகப் போகிறது. சிங்கப்பூருக்கு நான் எழுதிய அத்தனை கடிதங்களிலும் அந்த வரி இருந்தது. நீயும் நலம் என்றே பதில் எழுதினாய். முழங்கால் வலியை மட்டும் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவாய். நீ மவுத்தாகி நாற்பது நாள் முடிந்துவிட்டது. இப்போது உன் விலாசத்துக்குத் தபால் போகாது என்று தெரியும். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போய்ச் சேராத கடிதங்களுக்கென்றே அவர்கள் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். லாத்தா என்றால் அக்கா என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பேரளம் ரயில் பாதையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? அதே இடத்தில் மறுபடியும் போட்டுவிட்டார்கள். பிடுங்கியபோதும் கூட்டம் போட்டுப் பேசினார்கள், போட்டபோதும் பேசினார்கள். இடையில் ஒரு தலைமுறை பேருந்தில் போய் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்தது சென்னைச் செய்தி. அங்கே விமான நிலையத்தின் வாசலுக்கே ரயில் வருகிறது. கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. அடுத்து எந்த நிலையம் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வருகிறது. உன் மகள் ரஹ்மத் போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, அந்த ரயிலில்தான் பட்டணத்துக்குள் போயிருக்கிறாள்; அங்கிருந்து காரைக்காலுக்கு வண்டி பிடித்து வந்துவிட்டாள். தனியாக. அவளுக்கும் அறுபது வயதாகிறது. "ஒக்காந்ததே தெரியல மாமா, அதுக்குள்ள வந்துடுச்சி" என்றாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "மீனம்பாக்கத்துல நின்னிச்சா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அல்லது ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகவும் சொல்கிறேன். அது ஐம்பதுகளின் பின்பாதி. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அதில் மச்சான் ஊரில் இருந்தது ஒரு நோன்பு காலமும் அதற்கடுத்த மூன்று மாதமும்தான். பிறகு அவர் சிங்கப்பூர்க் கடைக்குப் போய்விட்டார். ஒருவழியாக உனக்கு அங்கே நுழைய பெர்மிட் கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் போய் இறங்கியாக வேண்டும், தவறினால் பெர்மிட் செல்லாது. கப்பலில் போனால் நாள் தப்பிவிடும் என்று மச்சான் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

நம் தெருவில் ஆகாயத்தில் போகப்போகும் முதல் பெண் நீ. "மேல போறப்ப ஜன்னலத் தொறந்து வைக்காதே, சளி புடிச்சிக்கும்" என்று உம்மா சொன்னது. வாப்பாவுக்கு இளைப்பு அதிகம். "படிச்சவன் கூடப் போகட்டும்" என்றார். படித்தவன் என்றால் நான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, இந்தியாவில் அந்தப் படிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலிருந்த பத்தொன்பது வயதுக்காரன். ஊரில் யார் என்ன செய்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

அன்று பேரளம் வண்டியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டேன். பழைய காலத்தில் அந்த வண்டி எல்லையில் நிற்கும். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து வண்டியின் பக்கவாட்டில் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, சுங்கக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக வைத்து, பூட்டைத் திறந்து, கைகட்டி நிற்போம். சாராயம் இருக்கிறதா, வெளிநாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பார்கள். கடைசி ஆளின் கடைசிப் பூட்டு பூட்டப்படும் வரை ரயில் நிற்கும். ரயில் என்பது நமக்காகக் காத்திருக்கும் ஒரு சாதுவான பிராணி என்று நம்பியே காரைக்கால் வளர்ந்தது.

கொடி மாறியதும் சோதனை போய்விட்டது. ஆனால் நம் ஆட்களுக்குப் பழக்கம் போகவில்லை. அன்றைக்கும் அந்த நிலையத்தில் வண்டி நின்றதும், எதிரே இருந்த பூவம் கிராமத்துக்காரர் ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"என்னங்க பெரியவரே, வெள்ளக்காரனத் தேடுறீங்களா? அவன் அப்பவே கப்பலேறிட்டான்" என்றேன்.

பெட்டியே சிரித்தது. அவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். நீ தலையோடு உடம்பையும் மூடிப் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி என் தொடையில் கிள்ளினாய். "சும்மா இரு தம்பி. ஒனக்கு எல்லாரும் எளக்காரம்."

சென்னையில் மண்ணடியில் வாப்பாவின் கூட்டாளி வீட்டில் இறங்கினோம். மறுநாள் பிற்பகல் விமானம். அவர் கார் அனுப்புகிறேன் என்றார். "வேணாம் மாமா, கடற்கரை ஸ்டேசன்லேர்ந்து மீனம்பாக்கத்துக்கு நேரா கரண்ட் ரயில் போவுது" என்று நான் சொன்னேன். பட்டணத்தின் நடுவிலிருந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் ரயில், அதுவும் மின்சாரத்தில். இப்படியொரு சங்கதி இருக்கும்போது காரில் போகிறவன் கிணற்றுத் தவளை என்பது என் எண்ணம்.

அந்த வண்டியைப் பார்த்ததும் நீ ஏறாமல் நின்றுவிட்டாய்.

"இஞ்சின் எங்க தம்பி?"

"இதுக்கு இஞ்சினே கெடையாது லாத்தா."

"அப்ப இழுக்குறது யாரு?"

"கரண்டு."

"கண்ணுக்குத் தெரியாத ஆளு இழுக்குற வண்டி. ஓதிட்டுத்தான் ஏறணும்" என்று சொல்லி, பிஸ்மில்லா சொல்லி ஏறினாய். உட்கார்ந்ததும் கேட்டாய்: "நம்ம எறங்குறது எத்தனாவது ஸ்டேசன்?"

"நீ ஏன் கேக்குறே? நான் இருக்கேன்ல" என்றேன்.

தகரப் பெட்டி என் காலடியில் இருந்தது. உன் பாஸ்போர்ட், பெர்மிட், டிக்கெட் எல்லாம் அதற்குள். உன் மடியில் உம்மா கொடுத்தனுப்பிய தம்ரூட் இனிப்புப் பொட்டலம். நீ பக்கத்திலிருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாய். நான் ஜன்னல் வழியாகப் பட்டணத்தைப் பார்த்து, அதை இன்னும் எப்படிச் சீர்திருத்தலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பரங்கிமலையில் வண்டி நின்றது. அப்போது சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. கள்ளச் சாராயம் பிடிக்கிற போலீஸ்காரர் ஒருவர் நடைமேடையில் வந்தார். கூடையோடு இறங்கிய ஒருத்தியைப் பார்த்து வண்டியின் பக்கவாட்டில் லத்தியால் தட்டினார். இரண்டு தட்டு.

எழுந்தது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. பெட்டியைத் தூக்கினேன், இறங்கினேன், நடைமேடையில் வைத்தேன், பூட்டைத் திறந்தேன், மூடியைத் தூக்கி நிறுத்தினேன், கைகட்டி நின்றேன். மேலே உன் கல்யாணப் புடவை.

போலீஸ்காரர் என்னையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், இங்க வந்து கடை பரப்பிக்கினு கீறே?"

"செக்கிங்..." என்றேன்.

"ஒன்ன யாரு சார் தொறக்கச் சொன்னது? நான் அந்தக் கூடைக்காரிய இல்ல கூப்ட்டேன்!"

அதற்குள் வண்டி நகர்ந்தது. "ஐயா, வண்டி போகுது!" என்று கத்தினேன்.

"வண்டின்னா போவும் சார். வேற இன்னா பண்ணும்?" என்றார் அவர். ரயில் போக்குவரத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே ஆழமான வாக்கியம் அது. அதைக் காரைக்காலில் அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதுவரை நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்யாண வீடுகளில் இதை நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். இதற்கு மேல் நடந்ததாக நான் சொல்லிவந்தது இது: "அடுத்த வண்டி வர ரொம்ப நேரமாயிடுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ப்ளேன் போயிடுச்சு." ஊரில் எல்லோரும் நம்பினார்கள். ரயில் தாமதமாக வந்தது என்றால் காரைக்காலில் சாட்சி கேட்கமாட்டார்கள்.

லாத்தா, அடுத்த வண்டி உடனே வந்துவிட்டது. நான் பெட்டியைப் பூட்டி நிமிர்வதற்குள் வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் நின்றது. வாசலில் நின்று நடைமேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டி எதுவும் கண்ணில் படவில்லை. நம் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போய் அறியாதவள், தெரியாத ஊரில் தானாக எப்படி இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்தில் அழுதபடி கடைசி நிலையம் வரை போயிருப்பாள் என்று முடிவு செய்தேன். நான் இறங்கவில்லை.

தாம்பரத்தில் நின்றிருந்த வண்டிகளில் எல்லாம் ஏறி இறங்கித் தேடினேன். பெருக்குகிறவர்களைக் கேட்டேன். நிலைய அதிகாரியிடம் உன் அடையாளம் சொன்னேன். வெள்ளைத் துப்பட்டி என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் திரும்பி வண்டியேறினேன். பல்லாவரம் வரும்போது ஒரு விமானம் தலைக்கு மேலே ஏறிப் போனது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

நீ விமான நிலையத்தில் ஒரு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். பக்கத்திலிருந்த அம்மாளிடம் ரயிலிலேயே நிலையத்தைக் கேட்டு வைத்திருந்தாய். சரியாக இறங்கி, வழி கேட்டு, சரியாக வந்து சேர்ந்திருந்தாய். தம்பி வந்துவிடுவான் என்று சொல்லிச் சொல்லி அங்கிருந்த அதிகாரியை முடிந்த மட்டும் காத்திருக்க வைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் நீ கேட்டது ஒன்றுதான்: "பெட்டி பத்திரமா இருக்கா?"

பெர்மிட் அந்த மாதத்தோடு செத்தது. மறுபடி கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷம் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். "ஆகாசத்துல போறேன்னவ அடுப்படிக்கே திரும்பி வந்துட்டா" என்று பக்கத்து வீட்டில் உரக்கவே சொன்னார்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டானாம் என்று வேறு கிளப்பிவிட்டார்கள். உன் மாமியார் வந்து, "என்ன நடந்துச்சு, உள்ளதச் சொல்லு" என்று கேட்டபோது நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். நீ சொன்னாய்: "தம்பி மேல தப்பில்ல மாமி. வண்டிதான் வரல."

அன்றைக்கே வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. நீ என்னை நம்பிவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தது. பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனாய். பிள்ளை பெற்றாய், கடையைக் கட்டிக் காத்தாய், மச்சானுக்குப் பிறகும் நடத்தினாய். நான் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ரஹ்மத்திடம் மீனம்பாக்கம் என்று கேட்டேனா? அவள் பையை மடக்கி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, உம்மா ஒண்ணு சொல்லி வச்சிருந்திச்சி. நீங்களா மீனம்பாக்கம் பேச்ச எடுத்தா மட்டும் சொல்லணும்னிச்சி. இல்லாட்டி வேணாமாம்."

"என்னவாம்?"

"நீங்க அந்த ரயில்ல போனத உம்மா பாத்திச்சாம். ப்ளாட்பாரத்துல நின்னா, நீங்க டாக்சில வந்தா தெரியாதுன்னு ரோட்டோரம் வந்து நின்னிச்சாம். அங்கேர்ந்து ரோடும் தெரியும், ரயிலும் தெரியும். நீங்க எறங்காம வாசல்லயே நிக்கிறத பாத்து, கத்தினா கேக்காதுன்னு துப்பட்டிய அவுத்து தலைக்கு மேல வீசிச்சாம்."

ரஹ்மத் கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசிக் காட்டினாள்.

"'அவன் என்ன நேராப் பாத்தான்டி, ஆனா நான்னு தெரியல அவனுக்கு'ன்னு சொல்லும். சொல்லிட்டு சிரிக்கும்."

பார்த்தேன் லாத்தா. சாலையோரத்தில் தலை திறந்த ஒரு பெண் நீளமான வெள்ளைத் துணியைக் காற்றில் வீசிக்கொண்டிருந்தாள். துணி உலர்த்த இவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். அதையும் ஊரில் சொல்லிச் சிரிக்கலாம் என்று குறித்து வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் உன்னோடு வளர்ந்தவன், துணி இல்லாமல் உன்னை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

வண்டி வந்ததும் தெரியும், நான் இறங்காததும் தெரியும். அப்புறமும் ஏன் மாமியிடம் அப்படிச் சொன்னாய்? நடுத்தெருவில் துப்பட்டியை அவிழ்த்ததை மறைப்பதற்கா, என்னை மறைப்பதற்கா? எனக்கு எழுதிய அத்தனை கடிதங்களில் ஒன்றிலாவது ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருக்கக் கூடாதா? ரஹ்மத் சொல்வது போலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாயா?

பதில் வராது. ஆகவே நான் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வண்டி உடனே வந்தது, நான்தான் இறங்கவில்லை என்று, அந்தக் காலத்து ஆட்களில் மிச்சமிருப்பவர்களிடம் நேரில் போய்ச் சொல்வேன். இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. அவரிடம் இரண்டு முறை சொல்வேன். ரஹ்மத் திரும்பும்போது நானும் சென்னைக்கு வந்து அந்தப் புது ரயிலில் அவளை வழியனுப்புவேன். பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கும். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று நான் அவளைக் கேட்பேன். அவள் சொன்ன இடத்தில் இறங்குவேன்.

நீ கைகாட்டியும் இறங்காமல் போன
உன் தம்பி