பெங்களூரில் நீங்கள் வண்டியை நிறுத்திய இடம்

என் ஆசை அப்பாவுக்கு,

இல்லப்பா, உங்கள் லோடு வண்டியை விற்கவில்லை. உங்கள் காரியம் முடிந்ததும் அம்மாதான் விற்றுவிடச் சொன்னாள். "அந்த மனுசன ஊர் ஊரா அலைய வச்ச வண்டி, நமக்கு வேணாம்லே" என்றாள். ஆமத்தூரிலிருந்து ஒருவர் வந்து டயரை உதைத்துப் பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அதை ஓட்ட ஆசை. விற்றாலும் வைத்துக்கொண்டாலும் முதலில் உங்கள் பேரிலிருந்து மாற்ற வேண்டும் என்றார்கள். விருதுநகர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன்.

வாசலில் இருந்த புரோக்கர் அண்ணாச்சி போனில் வண்டி நம்பரைத் தட்டினார். சிரித்தார்.

"தம்பி, ஒங்க அப்பாவுக்கு பெங்களூர்ல சொந்த வீடு எதும் இருக்கா?"

"ஏன் அண்ணாச்சி?"

"ஒரே தெருவுல நாலு தடவ நிறுத்தி நாலு தடவ அபராதம் வாங்கிருக்காக. நோ பார்க்கிங். ஒண்ணுகூடக் கட்டல. இத முடிக்காம பேர் மாறாது, பாத்துக்கோங்க."

எரிச்சல்தான் வந்தது. உங்களுக்கு எங்கே தெரிந்திருக்கும்? மெசேஜ் எல்லாம் நீங்கள் என்றோ விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. பிறகு அண்ணாச்சி, அபராதம் போட்ட போலீஸ் எடுத்திருந்த போட்டோக்களைக் காட்டினார். நான்கிலும் நம் வண்டி. பக்கத்தில் நீளமான ஒரு மதில். அந்த மதிலை எனக்குத் தெரியும். என் காலேஜ் மதில்.

ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எதிரே டீக்கடை, அடுப்பு. இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். கொஞ்சம் தள்ளி நாங்கள் சிகரெட் பிடிக்கும் இடம். நீங்களோ காலமெல்லாம் சிவகாசி வெடி லோடு ஏற்றியவர். ஓசூர்ப் பக்கம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்தாலும், "நெருப்பு இல்லாத எடமாப் பாத்து ஓரங்கட்டணும்லே" என்பீர்கள். அந்தத் தெருவிலேயே நெருப்பும் ஆளும் இல்லாத ஒரே இடம் அந்த நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேதான். ஏன் அங்கே மட்டும் ஆளே இல்லை என்று நீங்கள் யோசிக்கவில்லை.

முதல் தடவை வந்தது நினைவிருக்கிறதா? "வாசல்ல நிக்கேன், வாரியா?" என்று போன் செய்தீர்கள். சாத்தூர் காராச்சேவு, அரைக் கிலோ பொட்டலம். கேட்டில் இருந்து வெளியே வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"இம்புட்டுப் பேருமா இன்சினியராகப் போறாக?"

"ஆமாப்பா."

"எல்லாருக்கும் எவன்லே வேல குடுப்பான்?"

நான் சேவு புரையேறச் சிரித்தேன். அடுத்த தடவையும் வந்தேன். மூன்றாவது தடவை பரீட்சை என்று பொய் சொல்லி வரவில்லை. நீங்கள் பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நான்காவது போட்டோவில்தான் மாட்டிக்கொண்டேன். ரோடு நனைந்திருக்கிறது. வண்டியில் நீங்கள் இல்லை. படத்தின் ஓரத்தில், கேட் பக்கம், வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கக்கத்தில் பொட்டலம். தேதியைப் பார்த்தேன். நான் காலேஜை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் அதே ஊரில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழை எனக்கு நினைவிருக்கிறது. யாரோ ஆர்டர் செய்த பிரியாணியோடு பாலத்துக்கடியில் ஒதுங்கி நின்றபோது நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"எங்கனலே இருக்க?"

"கிளாஸ்ல இருக்கேன்ப்பா."

"சரி சரி, படி" என்று வைத்துவிட்டீர்கள்.

என் காலேஜ் வாசலில் நின்றுகொண்டா அதைக் கேட்டீர்கள்? வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்ன பிறகா? அந்தப் பொட்டலத்தை யார் தின்றது அப்பா? சிவகாசி வரைக்கும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டே வந்தீர்களா?

பொங்கலுக்கு வந்து நானாகச் சொன்னபோது, ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடு" என்றீர்கள். அப்பாவை ஈசியாகச் சமாளித்துவிட்டேன் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டேன். இத்தனை நாள் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

கட்டினால் போட்டோ போய்விடுமோ என்று பயந்து, நான்கையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் அபராதத்தைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து கடைசிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒன் காலேசுக்குப் போறதுக்கும் இந்தக் காலர் கிழிஞ்ச சட்டையத்தான் போட்டுட்டுப் போயிருக்காக" என்றாள். முந்தானையால் போனைத் துடைத்துக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சொன்னாள். "ஆமத்தூர்க்காரர்ட்ட இல்லன்னு சொல்லிருலே. வண்டி இருக்கட்டும்."

வண்டி இப்போது என் பேரில் இருக்கிறது. வெடி லோடு ஏற்ற எனக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை. முதல் ஆர்டர் காலண்டர்தான், அதுவும் பெங்களூருக்கே. வண்டியைக் காசு கொடுத்து நிறுத்துகிற இடத்தில் விட்டுவிட்டு, அந்த கேட்டுக்கு நடந்தே போவேன். வாட்ச்மேனுக்கு அரைக் கிலோ சேவு வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் இருக்கிற இடத்தைத்தான் சொல்வேன்.

இதோ, அம்மா போன் செய்கிறாள். நான் ரோடு பிரிகிற விஸ்வநத்தம் விலக்கில் நிற்கிறேன். டீக்கடைக்கு ரொம்பத் தள்ளித்தான். லோடு ஏறிவிட்டது. கிளம்புறேன்ப்பா.

உங்கள் சாவிக்கொத்தை வைத்திருக்கும்
உங்கள் மகன்