வித்ததையும் சொல்லுங்க

18 நவம்பர் 2025, செவ்வாய்

திருச்சானூரில் பிரம்மோற்சவக் கூட்டம். கோயில் பக்கம் வரமாட்டேன் என்று ஷேர் ஆட்டோக்காரன் முன்னாலேயே இறக்கிவிட்டான். நடந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டது. லைவ் போய்க்கொண்டிருக்கிறது. கதவில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று ஒட்டியிருக்கிறார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அப்படியென்றால் அது யாருக்கு?

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் முன்பு ஆஸ்பத்திரிகளுக்கு லேப் கருவிகள் விற்றுக்கொண்டிருந்தார். இப்போது விரஜா மோட்டார்ஸ் ஷேரைப் பற்றி யூடியூபில் பேசுவதே தொழில். சில நாள் தெலுங்கில், சில நாள் தமிழில். விரஜாவை எலக்ட்ரிக் கார் கம்பெனி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது.

“அது கார் கம்பெனி இல்ல மங்கா. தானா ஓடற டெக்னாலஜி. கார் சும்மா டப்பா.”

ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறவள் நான். விரஜாவின் ஆண்டறிக்கையையும் படித்தேன். கார் விற்பனை குறைந்துகொண்டே வருகிறது. தானாக ஓடும் கார் ஒவ்வொரு வருஷமும் ‘அடுத்த வருஷம்’ வந்துவிடுகிறது. சொன்னேன். “நீ பழசைப் பாக்கற. இன்வெஸ்டர்னா வரப்போறதைப் பாக்கணும்” என்றார். வரப்போவதைப் பார்க்கிறவருக்கு அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.

என் சேமிப்பும் அந்த ஷேரில்தான் இருக்கிறது. கணக்கு என் பெயரில், பாஸ்வேர்டு அவரிடம். மாதம் ஒருமுறை திரையில் காட்டுவார்: “பாருங்க, என் ஒய்ஃபும் வெச்சிருக்காங்க.” அலர்மேல்மங்கை என்கிற நான் அவருடைய சாட்சி.

23 நவம்பர், ஞாயிறு

விரஜாக்காரர்கள் திருப்பதி ஹோட்டல் ஒன்றில் முதலீட்டாளர் கூட்டம் போட்டார்கள். என் தம்பி தருணும் வந்திருந்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, வரதய்யபாளையத்தில் ரூம். மாமா பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு மாமா என்றால் ஹீரோ.

கூட்டத்துக்கு முன்னால் காரில் ஒரு சுற்று கூட்டிப்போனார்கள். அந்தத் தானே ஓட்டும் வசதிக்குப் பெயர் ‘சாரதி’. கம்பெனி அதிகாரி ஸ்ரீஹரி டிரைவர் சீட்டில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பைபாஸில் சொகுசாகத்தான் போனது. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு ஆட்டோ ரிவர்ஸில் வந்தது. கார் நின்றது. நின்றது நின்றதுதான். பின்னால் ஒரே ஹாரன். ஸ்ரீஹரி ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டினார். என் வீட்டுக்காரர் எடுத்த வீடியோவில் அந்த இடம் மட்டும் இல்லை.

ஹாலில் எழுந்து கேட்டேன். “ஆக்சிடென்ட் ஆனா யார் பொறுப்பு?”

கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்த மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எப்பவுமே டிரைவர்தான் மேடம். சாரதி உதவிக்கு மட்டும்தான்” என்றார் ஸ்ரீஹரி. அடுத்த நிமிஷமே திரையில் ‘தானே ஓடும் எதிர்காலம்’ என்று போட்டார்கள். கை தட்டினார்கள்.

எதிர்வீட்டு வேங்கடாசலம் அண்ணன், லாட்ஜ் லீசுக்கு எடுத்து நடத்துகிறவர், வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “அந்தக் கேள்வியெல்லாம் சபைல கேக்கலாமாம்மா? ரேட்டு எறங்கிடும்ல.”

4 டிசம்பர், வியாழன்

ஷேர் புது உச்சமாம். கேக் வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

தன்னுடைய விரஜா காரைத் தருணிடம் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டுமாம். அவருடைய காரை நான் கோயில் வரைக்கும்கூட ஓட்டியதில்லை. தம்பிக்கு ஏன் இவ்வளவு தாராளம்?

9 டிசம்பர், செவ்வாய்

தருண் —

எழுத முடியவில்லை. உயிர் இருக்கிறது.

10 டிசம்பர், புதன்

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தருண் உள்ளே ஆபரேஷனில் இருக்கிறான்.

நேற்றுப் பொழுது சாயும் நேரம். சத்தியவேடு ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஓரமாக நின்றிருக்கிறது. பின்னால் விளக்கு இல்லை. கரும்பு டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கார் வேகமே குறைக்காமல் போய்ச் செருகிக்கொண்டது. வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. மணிக்கட்டும் போயிற்று. நல்லவேளை, தலைக்கு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். நைனாவும் அம்மாவும் புத்தூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

நினைவு இருந்தபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்று. “பிரேக் போடும்னு நெனச்சேன்க்கா.”

காலையில் தண்ணீர் பிடிக்கப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் இவர் குரல். புரோக்கரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“மொத்தத்தையும் வித்துடு அண்ணா. என்னுது, ஒய்ஃபுது, ரெண்டுமே. என்ன ரேட்டுக்குப் போனாலும் சரி. நியூஸ் இன்னும் வெளிய வர்ல.”

என்னைப் பார்த்ததும் போனை வைத்தார். ஓடிவிடுவார், மழுப்புவார் என்று நினைத்தேன். சிரித்தார்! தோளைத் தட்டி, “உன்னுதையும் காப்பாத்திட்டேன். கவலைப்படாத” என்றார்.

உள்ளே என் தம்பியின் எலும்பை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் செலவும் இனி அந்தப் பணத்தில்தானே கட்டப்போகிறேன்? வேறு எங்கே இருக்கிறது என்னிடம்? சீ.

11 டிசம்பர், வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்கு மேல் டி.வி.யில் காரைக் காட்டினார்கள். ஷேர் விலை சரிந்தது. போர்வையும் ஃபிளாஸ்கும் எடுத்துப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். உள்ளறையில் லைவ். புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“யாரோ ஒரு பையன், ரூல்ஸை மதிக்காம கையை எடுத்துட்டு உக்காந்துகினு இருந்திருக்கான். இதுக்குக் கம்பெனி என்னங்க பண்ணும்? பயந்துகினு விக்காதீங்க. நான் ஒரு ஷேர்கூட விக்கல.”

யாரோ ஒரு பையன்.

கதவைத் திறந்துகொண்டு போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றேன். 

“அது யாரோ பையன் இல்ல. என் தம்பி தருண். இவருக்கு மச்சான். கார் இவரோடது.” பிறகு அவர் பக்கம் திரும்பினேன். “காலைலயே எல்லாத்தையும் வித்துட்டீங்களே? வித்ததையும் சொல்லுங்க.”

அவர் கேமராவைப் பார்த்தே சிரித்தார். “மேடம் கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க...” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினார். அப்புறம் சிரிப்பு இல்லை. “நம்ம சோத்துல நீயே மண்ணைப் போட்டுட்டியே” என்றார். வெகு நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தருண் எப்படி இருக்கிறான் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இன்று காலை வேங்கடாசலம் அண்ணன் கேட்டைத் தட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. நேற்று விலை இறங்கியபோது இவர் பேச்சை நம்பி இன்னும் வாங்கிப் போட்டிருக்கிறார். இவரைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவை அகலத் திறந்தேன்.

“ஏம்மா, அதை லைவ்ல சொல்லணுமா? தனியா எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நானும் வித்துட்டிருப்பேன்ல?”

தருணைப் பற்றி விசாரிக்காமலே போய்விட்டார். முதலீட்டாளர் குழுவில் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதுகிறார்கள். எதிர்க் கம்பெனியிடம் காசு வாங்கினேனாம். பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று இவருக்கு அனுதாபம். பொய் சொன்னவர்மேல் கோபம் இல்லை, விலை இறங்கும்போது உண்மை சொன்னவள்மேல்தான் கோபம்.

13 டிசம்பர், சனி

தருணுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன். “ஏன்டா கையை எடுத்தே? புத்தி இருக்கா உனக்கு?”

“என் தப்புதான்க்கா. விட்டுடு.”

“இல்ல. சொல்லு.”

சுவரைப் பார்த்தான். அம்மா மாத்திரை வாங்க வெளியே போகட்டும் என்று காத்திருந்தான். அப்புறம் மெதுவாக, “மாமா வீடியோ கேட்டாரு. ஸ்ரீசிட்டிலேர்ந்து திருப்பதி வரைக்கும், கட் பண்ணாம, கையே படாம. அதுக்குத்தான் காரைக் குடுத்தாரு. டிராக்டர் தூரத்துலயே தெரிஞ்சுதுக்கா. கையை வெச்சா வீடியோ வீணாயிடும்னு...” என்றான்.

அழுதான். “உன் குடும்பம் கெட்டுடும்னுதான் சொல்லல.”

என் குடும்பம்! இதற்குத்தான் அவ்வளவு தாராளமா!

14 டிசம்பர், ஞாயிறு

கேட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

“ஸ்டீயரிங்லேர்ந்து கையை எடுன்னுதான் சொன்னேன். கண்ணை மூடிக்கன்னா சொன்னேன்?”

கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இன்று வாயில் அது வரவில்லை.

“நீ வெளிய போ” என்றேன்.

வாடகை ஒப்பந்தம் என் பெயரில்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பை, லேப்டாப், லைவுக்கு வைக்கிற அந்த விளக்கு. ஹைதராபாத்தில் சிநேகிதன் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே போனார். வாசலில் நின்று, கெஞ்சிக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

15 டிசம்பர், திங்கள்

ஷேர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டினேன்.

19 டிசம்பர், வெள்ளி

ஸ்ரீஹரி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார். ரொம்ப மரியாதை. ஸ்டீயரிங்கில் கை இல்லை என்று காரின் பதிவு காட்டுகிறதாம். தவறு முழுக்கத் தன்னுடையது என்று தருண் எழுதிக் கொடுத்தால், மனிதாபிமான அடிப்படையில் சிகிச்சைச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

நான் வாய் திறப்பதற்குள் தருண் கேட்டான். “கையை எடுத்தது என் தப்பு சார், ஒத்துக்கறேன். சாரதி அந்த டிராக்டரைப் பாத்துச்சா, இல்லையா? அதுவும் பதிவாயிருக்கும்ல?”

“அது கான்ஃபிடென்ஷியல்.”

“அப்ப என் தப்பை மட்டும்தான் ஊருக்குச் சொல்லலாமா?”

நைனா எழுந்து பழக்கூடையை அவர் கையிலேயே கொடுத்தார். “எடுத்துக்கினு போ நாயனா. இங்க துன்றவங்க யாரும் இல்ல.”

மதியம் போலீஸ்காரர் வந்தபோது தருண் எல்லாவற்றையும் சொன்னான். தான் கையை எடுத்தது, மாமா எடுக்கச் சொன்னது, கார் பிரேக் போடாதது. ஏட்டு முதல் இரண்டை எழுதிக்கொண்டார். மூன்றாவதற்குக் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்றார். கேட்பாரா? இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

29 டிசம்பர், திங்கள்

விரஜா ஷேர் முன்பு இருந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது. ஸ்டீயரிங்கே இல்லாத கார் கொண்டுவரப் போகிறார்களாம். எப்போது? அடுத்த வருஷம்.

வேங்கடாசலம் அண்ணன் லட்டு கொண்டுவந்து கேட் மேல் வைத்துவிட்டுப் போனார். “மனசுல எதையும் வெச்சுக்காதம்மா.” அவருக்கு நஷ்டம் இல்லை. அதனால் இப்போது நான் நல்லவள்.

சாயங்காலம் லோகேஸ்வரனிடமிருந்து ஒரு குரல் பதிவு. “நீ லைவ்ல கத்தினதால ரேட்டு நல்லா எறங்குச்சு. அப்பவே திரும்ப வாங்கிட்டேன். தேங்க்ஸ்.”

மூன்று முறை கேட்டேன். கணக்குப் படித்தவள், தப்பு செய்தவன் கடைசியில் நஷ்டப்படுவான் என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்படி எந்தக் கணக்கும் இல்லை. நான் சொன்னதெல்லாம் சரி. விலை ஏறிவிட்டது. அந்த விலைப் படத்தில் தருணின் தொடை எலும்பு ஒரு சின்னப் பள்ளம். அங்கேதான் இவர் குனிந்து பொறுக்கியிருக்கிறார்.

பதிவை அழிக்கவில்லை. எங்கள் ஆபீஸுக்குத் தெரிந்த வக்கீலுக்கு அனுப்பினேன்.

16 ஜனவரி 2026, வெள்ளி

கனுமவுக்கு, அதுதான் மாட்டுப் பொங்கலுக்கு, புத்தூர் போனேன். தருண் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தான். அவனுடைய ஸ்ரீசிட்டி கம்பெனியில் மார்ச்சில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது அம்மா மட்டும் கேட்டாள், “மாப்பிள்ளை போன் பண்ணினாரா?” நைனா அவளைப் பார்த்த பார்வையில் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

12 பிப்ரவரி, வியாழன்

ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் கூரியர்காரர். கையில் பெரிய பெட்டி, மேலே விரஜாவின் முத்திரை. ‘எங்கள் மீது நம்பிக்கை வைத்தவருக்கு’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

“லோகேஸ்வரன்காரு உன்னாரா, மேடம்?” இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டார்.

“அவர் இங்க இல்ல. திருப்பி எடுத்துக்கினு போங்க.”

“எக்கட உன்டாரு? அட்ரஸ் செப்பண்டி, அங்க குடுத்துடறேன்.”

“தெரியாது.”

அவர் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டதாகத்தான் நினைத்தேன். பாதி வழியில், ஷேர் ஆட்டோவில், யோசித்துப் பார்த்தேன். ஹைதராபாத்தா, பெங்களூரா, யார் வீட்டில்? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாகத் தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.