எட்டாம் படுக்கைக்கு ஹிஸ்டரி எடுத்த வாரம்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வில்லியனூர் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. வெள்ளைக் கோட் ஓரமெல்லாம் சேறு. நியூரோ போஸ்டிங், அதாவது நரம்பியல் வார்டில் பயிற்சி, முதல் நாள். மாணவர்கள் பத்துப் பேர் வார்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். நாங்கள் வருவதே யாருக்கும் தெரியாதாம்.

பாடம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். வார்டின் பெரிய டாக்டர், சீஃப், வந்தார், முதல் படுக்கையைக் காட்டி "கோளாறு எங்க?" என்றார். மூளையில் என்றேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "மூளை ரொம்பப் பெருசும்மா" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் இன்றைய வகுப்பு.

அடுத்த பேட்ச் கேட்டால் சொல்ல:
– முழங்கால் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சொந்தமாக வாங்கவும். வார்டு சுத்தியலில் ரப்பர் கிடையாது.
– டார்ச், பஞ்சு. இரவல் கேட்டால் நர்ஸ் திட்டு.
– ஸ்கேனைப் பார்த்துச் சொன்னால் மதிப்பில்லை. நோயாளியிடம் கதை கேட்டுச் சொல்லணும். அதுதான் ஹிஸ்டரி.
– ஒரே ஆள் முழங்காலைப் பத்துப் பேர் தட்டுவோம். பெரியவர் ஒருவர் ஆறாவது ஆளிடம் காலை இழுத்துக்கொண்டார். "என் காலு இன்னா மேளமாம்மா?"

எனக்கு எட்டாம் படுக்கை. கலையரசி, 23. புகுந்த வீடு சுத்துக்கேணி, கல்யாணமாகி ஒன்றரை வருடம். நேற்று குழாயடியில் விழுந்து வலிப்பு. நாக்கில் கடி.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஷூ காயவில்லை, செருப்பில் போனேன், அதற்கும் திட்டு.

எட்டாம் படுக்கை ஹிஸ்டரி நகரவே இல்லை. கேள்வி கலையிடம், பதில் அவள் மாமியாரிடமிருந்து.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா, கலை?"

"ஒரு நாளும் இல்லம்மா. எங்க வூட்டுக்கு வந்து ஒரு தலவலிகூட கிடையாது."

"சின்ன வயசுல?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தான் அவங்கப்பன் கட்டிக் குடுத்தாரு."

கலை போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். ரவுண்ட்ஸில் சொன்னேன்: முதல் தடவை, சார். சீஃப் அவள் முழங்கையைத் திருப்பினார். பெரிய தீக்காயத் தழும்பு, பழசு. எப்படி வந்தது? தெரியாது சார். எப்போது? தெரியாது சார். வராண்டாவுக்கு வந்த பிறகு சொன்னார், "நீ எடுத்தது ஹிஸ்டரி இல்ல. மாமியார் பேட்டி." ஒன்பது பேர் முன்னால். காது எரிந்தது.

புது வலிப்பா, பழசா? அதை வைத்துத்தான் மருந்து. வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். இல்லாவிட்டால் லாக் புக்கில் கையெழுத்து கிடையாது.

ராத்திரி உப்புமா. பாதி கொட்டினேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டு வெயில். வார்டு முழுக்க ஈரத்துணி நாற்றம்.

மாமியாரை சி.டி. ஸ்கேன் பிலிம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அங்கே வரிசை நீளம் என்று தெரிந்துதான். திரையை இழுத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். கையைக் காட்டி இது என்ன என்றேன். போர்வையைக் கைமேல் இழுத்துக்கொண்டாள். அப்புறம் நிறுத்தாமல் பேசினாள்.

"எட்டாவது படிக்கிறப்ப ஃபிட்ஸ் வந்து அடுப்புல வுழுந்துட்டேன் மேடம். அப்பத்துலேந்து மாத்திர. மாத்திர தின்னா ஒண்ணும் வராது. அப்பா பாகூர்லேந்து மாசாமாசம் முறுக்குப் பைக்குள்ள வெச்சி எடுத்தாருவாரு. நாப்கின் பாக்கெட்டுல போட்டு வெப்பேன், அத யாரும் தொடமாட்டாங்க. இந்த தபா அவருக்குக் காய்ச்சல். மூணு வாரமா வரல."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெச்சிப்பாங்களா மேடம்? யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். டாக்டர்களிடம் சொல்வது அந்தக் கணக்கில் வராது என்று நினைப்பு. ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வீடு வரை மனப்பாடம் செய்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

நவம்பர் 13, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

ரவுண்ட்ஸ் நேரத்தில் நோயாளியோடு வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்று செக்யூரிட்டி வரவில்லை. நான் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் ஃபிளாஸ்க்கோடு வந்து சீஃப் முதுகுக்குப் பின்னால் நின்றார். பார்த்தேன். நிறுத்தவில்லை. இங்கிலீஷில்தானே சொல்கிறோம். அதோடு, சீஃப் தலையாட்டிக்கொண்டிருந்தார், முதல் முறையாக.

ஃபிட்ஸ். எய்த் ஸ்டாண்டர்ட். டேப்லெட். பிஃபோர் மேரேஜ். ஃபாதர். இதில் எந்தச் சொல் சுத்துக்கேணியில் புரியாது? முட்டாள். நான்தான்.

"குட்" என்றார் சீஃப். கலை என்னைப் பார்க்கவில்லை, ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். மாமியார் அதை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போய் போன் போட்டார்.

புத்தகத்தில் வலிப்புக்கு நாற்பது பக்கம் இருக்கிறது. யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயைத் திற என்று ஒரு வரி இல்லை. சீஃப்புக்கும் தோன்றவில்லை. அவரைச் சொல்லி என்ன, வாக்குக் கொடுத்தது அவரா?

சாயங்காலம் கலையின் கணவர் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். கட்டில் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

மறுபடி தூறல். ஸ்டெல்லா, "விடுடி, நீ வேணும்னா செஞ்ச?" வேண்டுமென்று செய்யவில்லை. அதனால் என்ன ஆகிவிட்டது.

மாமியாரை வராண்டாவில் பிடித்தேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை, மாத்திரை சாப்பிட்டால் எல்லோரையும் போல இருப்பார்கள், பிள்ளை பெறலாம், மாத்திரை நின்றதால்தான் வந்தது. நன்றாகத்தான் சொன்னேன். அந்த அம்மா கடைசி வரை கேட்டார். கோபம்கூட இல்லை.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்கண்ணனுக்கு இப்படி ஒரு பொண்ண மறைச்சிக் கட்டினா வுடுவியா?"

எனக்கு அண்ணன் இல்லை என்றேன்.

சீஃப்பிடம் போனேன். இன்னொரு தடவை அந்தக் குடும்பத்தோடு பேசுங்கள் சார் என்றேன். வரச் சொல் என்றார். தேடிக்கொண்டு போவதற்குள் கலையை விட்டுவிட்டு மாமியார் கிளம்பிவிட்டார். கணவர் போன் சுவிட்ச் ஆஃப்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. எட்டாம் படுக்கைக்கு டிஸ்சார்ஜ்.

கலையின் அப்பா வந்திருந்தார். ஒல்லி, காய்ச்சல் முகம், காலரில் கைக்குட்டை. புகுந்த வீட்டிலிருந்து அவள் துணிமணியை இரண்டு கட்டைப் பையில் கட்டி ஆஸ்பத்திரி கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம். எந்த டாக்டர் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர் ஆட்டோ பார்க்கப் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். நான்தான் சொன்னேன் கலை, மன்னிச்சிடுங்க. அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே இத எல்லார் எதுர்லயும் தின்னலாம் இல்ல மேடம்?"

"தின்னலாம்."

"எத்தினி வேள?"

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றேன். சாப்பிட்ட பிறகு.