அப்பா பிடித்த பெனால்ட்டி

1996 ஓகஸ்ட் 3, சனி

காலை முழுதும் மழை. மட்ச் தொடங்கும் நேரம் நின்றுவிட்டது. மவுண்ட் வெல்லிங்டன் மைதானம் ஒரே சேறு.

பச்சை 1, சிவப்பு 6.

பச்சை அப்பா படித்த கல்லூரி. சிவப்பு அடுத்த கல்லூரி. யாழ்ப்பாணத்தில் தீராத கோபத்தை வருடத்துக்கு ஒருமுறை ஒக்லாந்தில் உதைபந்தாக விளையாடுகிறார்கள். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. வயிறு முதலில் ஓடுகிறது, கால் பிறகு வருகிறது.

என் மார்க், பத்துக்கு:

கப்டன் டொக்டர் அங்கிள் – 2. பந்தோடு இருந்ததைவிட றெஃபரியோடு இருந்த நேரம் கூட.
குணம் மாமா, பின்னுக்கு நிற்கும் பாக் – 3. இடைவேளைக்குப் பிறகு ஓடவில்லை. உலாவினார்.
முன்னுக்கு நின்ற மூன்று பேர் – மூவருக்கும் சேர்த்து 2. எங்களுடைய ஒரே கோலும் சிவப்புக்காரர் தவறித் தங்கள் வலைக்குள் அடித்தது.
அப்பா, கோல் கீப்பர் – 0.

மூன்றாவது கோல் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவால் போனது. நான்காவது அவர் சப்பாத்து நாடா கட்டும்போது. ஐந்தாவது பெனால்ட்டி. மற்றவன் அடிக்க முதலே இடப்பக்கம் பாய்ந்து சேற்றில் கிடந்தார். பந்து வலப்பக்கத்தால் மெல்ல உருண்டு போனது. கையில் கோழித் தொழிற்சாலையின் மஞ்சள் ரப்பர் கையுறை. வேலைக்குப் போடுவதுதான்.

எனக்கு வேலை வீடியோ. குணம் மாமா தன் கமராவை என் தோளில் வைத்து, "சிவப்பு லைற் எரிஞ்சால் ஓடுது பிள்ளை. பந்துக்குப் பின்னாலை போ, அவ்வளவுதான்" என்றார். அவருடைய மகள் சுகி பக்கத்தில் நின்றாள். நான் ஒன்று சொல்ல அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் பகிடி வரும். பள்ளிக்கூடத்தில் நான் சொல்வதற்கு ஒருவரும் சிரிப்பதில்லை.

அம்மா தேத்தண்ணி மேசையில். மட்ச் பக்கம் திரும்பவே இல்லை.



ஓகஸ்ட் 4, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். சப்பாத்து இன்னும் காயவில்லை.

சுகி எனக்குப் போன் எடுத்தாள்.

"ஏய், உன்ர வொய்ஸ் ஃபுல்லா இருக்கு."

"எதிலை?"

"ரேப்பிலை, ஸ்ரூப்பிட். பிக்சரை விட உன்ர கொமென்ரறிதான் க்ளியர். இன்னும் அப்பா பார்க்கேல்லை. நான் மட்டும்தான்."

கமராவில் குரல் விழும் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. குணம் மாமா எடுத்த பிறந்தநாள், கலியாணம், சாமத்திய வீடு எல்லாவற்றிலும் படப் பாட்டுத்தானே ஓடும். ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. கமரா என்றால் படம் மட்டும், பாட்டு பிறகு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

வாற சனி மத்தியானம் ஒனிஹங்காவில் குணம் மாமா வீட்டில் சாப்பாடு. பச்சை ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு. அங்கே போடப்போகிறார்கள்.

நான் சொன்னவை, நினைவில் உள்ளவை:

– எங்கட அப்பா பந்தைப் பிடிக்கிறேல்லை, வழி விடுறார்.
– டொக்டர் அங்கிளுக்கு ஒரு ஸ்ரெச்சர் கொண்டு வாங்கோ.
– அந்தக் கையுறையிலை கோழி மணக்கும், பந்து பயந்து வலைக்குள்ளை ஓடுது.
– ஐந்தாவது கோலுக்கு ஒன்று.

அதை எழுதப் பயம். எழுதுகிறேன். "அந்தப் பெனால்ட்டியும் இவர் பிடிக்கேல்லை. அண்டைக்கு இவர் பெஞ்சிலை இருந்தவர்."

"அந்த" பெனால்ட்டி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். கல்லூரி இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், அப்பா பாய்ந்து பிடித்த பெனால்ட்டி. எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அப்பா சொல்லுவார். உப்புப் போத்தல்தான் பந்து. இரண்டு தண்ணிக் கிளாஸ் கோல் கம்பம். அவருடைய வகுப்பு ஆட்கள் ஒருவரும் இந்த நாட்டில் இல்லை. டொக்டர் அங்கிள் நாலு வருடம் மூத்தவர், குணம் மாமா ஐந்து வருடம் இளையவர். அந்த மட்ச்சைப் பார்த்தவர் ஒருவரும் இங்கே இல்லை, அப்பா சொன்னதை நம்பித்தான் அவரைக் கோலில் விடுகிறார்கள்.

இந்தக் கொப்பி மெத்தைக்கு அடியில். இதைவிட நல்ல இடம் இல்லை.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

திரும்பவும் மழை. கணக்குச் சோதனை 20க்கு 11.

அப்பா மட்ச் பற்றி வாய் திறக்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறார். கையுறை குளியலறையில் காய்கிறது. பார்த்தால் சிரிப்பு வருகிறது, உடனே சனிக்கிழமை நினைவு வருகிறது.

அவர் அடிப்பார் என்று பயமில்லை. அடிப்பதை விட்டுவிட்டார். இப்போது கதைக்காமல் விடுகிறார். மே மாதம் அம்மாவோடு பதினெட்டு நாள். என்ன காரணம் என்று அம்மாவுக்கே கடைசிவரை தெரியாது. ஒரே மேசையில் அம்மா இருக்க என்னிடம் சொல்லுவார்: "கொம்மாட்டைச் சொல்லு, உப்புக் காணாதெண்டு." நான் திரும்பி அம்மாவிடம், "உப்புக் காணாதாம்." பதினெட்டு நாள் நான்தான் வயர்.

பதினாறாவது நாள் கோப்பை கழுவும்போது அம்மா சொன்னார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து. "பெனால்ட்டி பிடிச்சவராம். என்ரை அண்ணை இவரோடை ஒரே வகுப்புத்தானே. அண்டைக்கு இவர் ரிசேர்வ். பிடிச்சவன் வேறை பொடியன், அவன் இப்ப உயிரோடை இல்லை. உன்ரை வயித்துக்குள்ளை வைச்சிரு."

மூன்று மாதம் வைத்திருந்தேன். சுகி சிரிக்க வெளியே வந்துவிட்டது.

சனிக்குத் தயார் செய்த பொய்கள்: 1. பகிடிக்குச் சொன்னேன். 2. அது என் குரல் இல்லை. 3. வேறொரு ஆளின் அப்பாவைச் சொன்னேன். மூன்றாவது பரவாயில்லை.

அம்மா மெத்தை விரிப்பு மாற்றியிருக்கிறார். கொப்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது. கவனித்திருக்க மாட்டார்.

ஓகஸ்ட் 8, வியாழன்

பள்ளிக்கூடம் முடிய சுகியோடு அவள் வீட்டுக்குப் போனேன். சமூகக் கல்வி வீட்டுப்பாடம் என்று அம்மாவிடம் சொன்னேன். பைக்குள் பாட்டுக் கசெற் இரண்டு.

குணம் மாமா ரீவிக்கு முன்னால் வயரோடு இருந்தார். "மாமா, மட்ச் வீடியோவுக்கும் பாட்டுப் போட்டால் நல்லா இருக்கும். நான் கொண்டந்திருக்கிறன்."

அவர் யோசித்தார். கசெற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஓம் பிள்ளை, ஆறு கோல் வாங்கினதுக்குச் சோகப் பாட்டுத்தான் போட வேணும்." சிரித்தார். நானும் சிரித்தேன். கிட்டத்தட்டச் சரிவந்துவிட்டது.

சுகி கதவில் சாய்ந்துகொண்டு, "நோ அப்பா. மட்ச்சுக்கு ஒரிஜினல் சவுண்ட்தான் வேணும். ரீவியிலை அப்பிடித்தானே" என்றாள்.

"அதுவும் சரிதான்."

வெளியே வந்து அவளுடைய கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அழவும் செய்தேன். அவள் கையை இழுத்தாள். "கமோன், இட்ஸ் ஃபன்னி. உங்கட அப்பா கோவிச்சா எனக்கென்ன?"

சுகிக்கு மார்க் இல்லை. மார்க் போட அவள் ஆளில்லை.

பஸ்ஸில் நனைந்த கம்பளி மணம். இறங்கியதும் டெயறிக் கடைக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன்.

ஓகஸ்ட் 10, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் போனோம். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். "வா, வெளிக்கிடு" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அப்பா, போன மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒரு அண்ணாவுக்குப் பெனால்ட்டி சொல்லிக்கொண்டிருந்தார். உப்புப் போத்தல், இரண்டு கிளாஸ், எல்லாம் வைத்தாயிற்று. "பொறு தம்பி, வீடியோ முடிய மிச்சம்" என்றார்.

போட்டார்கள். முதல் கோலிலேயே என் குரல். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டொக்டர் அங்கிள் ஸ்ரெச்சர் பகிடிக்குத் தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணை, உங்கட மகளை ரேடியோவுக்கு அனுப்புங்கோ" என்றார் குணம் மாமா. கோழி மணத்துக்கு அப்பாவும் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "வாய்க்காரி" என்றார். ஒரு நிமிடம் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்தாவது கோல். அப்பா சேற்றில். என் குரல். பெஞ்சிலை இருந்தவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. குணம் மாமா ரிமோட்டைப் பறித்து அவசரத்தில் எதையோ அமத்தினார். படம் பின்னுக்குப் போய், அப்பா சேற்றிலிருந்து எழும்பி, திரும்பவும் பாய்ந்தார். திரும்பவும் என் குரல். இன்னும் தெளிவாக.

"பிள்ளையளின்ரை விசர்க் கதை" என்றார் குணம் மாமா.

அப்பா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்ததை முழுதும் சாப்பிட்டு முடித்தார். கொழும்பு அண்ணா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கோல் கம்பங்களில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

கார். மழை. வைப்பர் சத்தம். நான் பின்னால், அம்மா முன்னால். வீட்டுக்குக் கிட்ட, ஒடாஹுஹு சிக்னலில் அப்பா கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"உனக்கு ஆர் சொன்னது?"

மூன்று பொய் இருந்தது. மூன்றாவது நல்ல பொய். ஒரு கிழமையாகப் பாடமாக்கியது.

"அம்மா" என்றேன்.

அம்மா திரும்பவில்லை. மடியில் விருந்துக்கு ரோல்ஸ் கொண்டுபோன வெறும் பெட்டி. அதன் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழமைபோலத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பா வாங்கி அப்படியே சிங்கில் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். அம்மா இரண்டடி தள்ளி நின்றார்.

"கொம்மாட்டைச் சொல்லு, இனி எனக்கு வேலைக்குச் சாப்பாடு கட்ட வேண்டாமெண்டு."

நான் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்.

அப்பாவின் பெனால்ட்டிக்கு மார்க் 0 தான். அதை மாற்றப் போவதில்லை.

இப்போது அம்மா வந்தார், என் ஈரக் காலுறையை எடுக்க. கொப்பியை மறைக்க நேரமில்லை. அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவுமில்லை.

"எனக்கு எத்தினை மார்க் போட்டனி?"

"நீங்கள் விளையாடேல்லையே அம்மா" என்றேன்.

"ஓம்" என்றார். காலுறையை எடுத்துக்கொண்டு லைற்றை அணைத்துவிட்டுப் போனார்.