விழுப்புரத்தில் ஒரு பெண் வந்திருக்கிறாளாம்

மார்ச் 3, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டுத் தென்னைகூடத் தெரியவில்லை. இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி பாக்கி. பால் திரிந்துவிட்டது.

மகளிர் போலீஸ் மேடம் போன். "விழுப்புரம் ஹோமுக்கு ஒரு பொண்ணு வந்துருக்குதும்மா. பெங்களூர்லேர்ந்து அனுப்பி வச்சாங்க. தமிழ் பேசுது, ஊர் பேரு தெரியல. பதினாலு வயசு இருக்கும். வந்து பாருங்க."

என் மகள் யாழினிக்கும் இப்போது பதினாலு.

தையல் ஓடவில்லை. கண்ணில் அதே காலை. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைத் தாண்டி, தோப்பில் கூடாரம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று போனோம். விடிந்தபோது யாழினியும் இல்லை, கவினும் இல்லை. செருப்பு மட்டும் வெளியே. கிணறு, ஏரி, காடு, எல்லாம் தேடியாயிற்று. ஆறு வருடமாக ஒரு தகவல் இல்லை.

இவர்: "போன தடவ மாரி நம்ம பொண்ணுதான்னு நெனச்சிக்கினு வராத சாந்தி."

"நெனச்சிக்கினுதான் வருவேன்."

மார்ச் 4, செவ்வாய்

எடுக்க: ஆதார், பிள்ளைகள் போட்டோ, தண்ணீர், அவித்த மல்லாட்டை, இவர் மாத்திரை.

கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வாசலில் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது. யாழினி இல்லை. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கேட்டாள்: "நீங்கதான் எங்கம்மாவா?"

"இல்லம்மா."

எழுந்து வர மனமில்லை. மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை எடுத்துக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஹோமில் அவள் பெயர் அம்மு. ஊரைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "பாறைக்குள்ள ரூம்பு இருக்கும். ரெண்டு பக்கமும் பெரிய ஆளு சிலை நிக்கும். நான் அது கால புடிச்சிக்கினு வெளையாடுவேன்."

மண்டகப்பட்டுக் குகைக் கோயில். இவரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

"நான் போயி கேட்டுக்கினு வர்றேன். நீ வாணாம்" என்றார். நானும் போனேன். தேடி ஓய்ந்த அப்புறம் மண்டகப்பட்டுக்குப் பகலில்கூடப் போனதில்லை. தோப்பைப் பார்க்காமல் நடந்தேன். பிறகு நின்று பார்த்தேன். தோப்புதான், வேறொன்றுமில்லை.

கொல்லை நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தோம். ஒருத்தி எழுந்து வந்தாள், கையெல்லாம் மண். பெயர் செல்வி. கர்நாடகாவில் செங்கல் சூளை வேலைக்குப் போனபோது ரயில்வே ஸ்டேஷனில் மகளைத் தொலைத்தவள்.

"தோள்ல சுடுதண்ணி கொட்டுன தழும்பு இருக்குதாக்கா?"

ஹோம் மேடத்துக்குப் போன் போட்டேன். பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இருக்குதுங்க. எடது தோள்ல."

செல்வி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷமும் பொறாமையும். பொறாமை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. டி.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பொருந்திவிட்டது! பெண்ணை அழைத்து வர எங்களையும் கூப்பிட்டாள் செல்வி. அம்மு அம்மாவிடம் சட்டென்று ஒட்டவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றாள். பஸ்ஸில் தூங்கி, செல்வி மேல் சாய்ந்துவிட்டாள். செல்வி திண்டிவனம் வரும்வரை அசையவே இல்லை, கூட்டேரிப்பட்டில் இறங்குவதையே மறந்துவிட்டாள். அவளை எழுப்ப எங்களுக்கும் மனம் வரவில்லை.

திண்டிவனம் ஸ்டாண்டில் சொன்னாள்: "அக்கா, உங்க புள்ளைங்க போட்டோ குடுங்க. எங்க ஜனங்க ஆந்திரா, கர்நாடகான்னு எல்லாச் சூளைக்கும் போவுது. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போவட்டும்."

அங்கேயே ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தோம். முகத்தை இப்போதைய வயசுக்குப் பெரிசாக்க முடியுமா என்று இவர் கேட்டார். முடியுமாம், கம்ப்யூட்டரில். யாழினிக்கு இரட்டை ஜடை வேண்டாம், ஒற்றைப் பின்னல் போதும். கவினுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம் எடுத்தது. இப்போது முளைத்திருக்கும். பல் வைத்துத் தரச் சொன்னேன்.